பிரிண்டர் கிடைக்கவில்லை

எங்கள் வீட்டுக்குப் பிரிண்டர் வந்தது என் பிடிவாதத்தால்தான். தையல் மெஷின், கட்டில், அடுப்பு, தண்ணீர் டிரம் எல்லாம் போக ஆள் நிற்க மிச்சமிருக்கும் இடத்தில் அதை எங்கே வைப்பாய் என்று கோபர்கைரனேயில் இருக்கும் என் மகள் கேட்டாள். "என் தலை மேல வெச்சுக்கிடுதேன், நீ வாங்கி அனுப்பு" என்றேன். அனுப்பினாள். கட்டிலின் தலைமாட்டில், பக்கத்து வீட்டோடு பொதுவாக இருக்கும் சுவரில் ஒரு பலகை அடித்து, அதன்மேல் அதை உட்காரவைத்தேன்.

அது வேண்டியிருந்தது என் வீட்டுக்காரருக்காக. தாராவியில் டிவி, மிக்ஸி ரிப்பேர் செய்யும் கடை அவருடையது. போன மழைக்காலத்தில் ஒருநாள் வேலை செய்துகொண்டிருந்தவர் ஸ்டூலிலிருந்து அப்படியே சரிந்துவிட்டார். பக்கவாதம். கால் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது. வலது கை பாதி வந்தது. பேச்சு மட்டும் வரவில்லை. நாம் பேசுவது எல்லாம் அவருக்குப் புரியும். சொல்ல வரும்போது சொல் அகப்படாது. தண்ணீர் வேண்டுமென்றால் "அது" என்பார். சட்டை வேண்டுமென்றாலும் "அது"தான்.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் மராட்டிக்காரி. அவளிடம் இருந்த படத் தாள்கள் எல்லாம் மராட்டியிலும் இந்தியிலும்தான். இருபத்தைந்து வருஷம் கடையில் நின்று இந்தியிலேயே சண்டை போட்டவருக்கு இந்தி அடியோடு போய்விட்டிருந்தது. தமிழில்தான் ஏதோ கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. அதைக் கண்டுபிடித்ததும் அந்தப் பெண் என்னிடம் சொன்னாள்: வீட்டு மொழியில் நீங்களே தாள் செய்யுங்கள். ஒரு தாளுக்கு ஒரு படம், கலரில். கீழே பெரிய எழுத்தில் பெயர். அவர் அதைக் கையில் பிடிக்க வேண்டும், எழுத்தின்மேல் விரலை ஓட்ட வேண்டும். போனில் காட்டாதீர்கள், விரல் நடுங்கினால் படம் ஓடிப்போய்விடும், அவருக்கு ஆத்திரம் வரும். நாள் தவறக்கூடாது. இந்த சில மாதங்களில் வருகிற சொல்தான் நிற்கும், இடையில் விட்டால் வந்ததும் போய்விடும் என்றாள்.

முதலில் ஜெராக்ஸ் கடைக்குத்தான் போனேன். யானை, ஆப்பிள், மயில் என்று படங்கள். கடைக்காரன் தாளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "பேரப்பிள்ளைக்கா, அக்கா?" என்றான். இவர் என் பக்கத்தில்தான் நின்றார். முகம் சுண்டிப்போனது. அன்றைக்கு முடிவு செய்தேன், இவருடைய தாள் இனிமேல் என் வீட்டில்தான் அடிக்கப்படும் என்று. யானையும் மயிலும் அவரிடம் வேலை செய்யவும் இல்லை. ஒருநாள் சும்மா அவருடைய டெஸ்டரைப் போனில் படம் எடுத்து, பெரிதாக அடித்து, கீழே பெயர் போட்டுக் கொடுத்தேன். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், "டெஸ்டர்" என்றார். தெளிவாக.

அதற்குப் பிறகு வீட்டில் நான் படம் எடுக்காத சாமான் இல்லை. சாவி, சீப்பு, லுங்கி, குக்கர், முக்குத் தண்ணீர்க் குழாய், கடை ஷட்டர், எதிர்வீட்டுப் பூனை. காலையில் எடுப்பேன், போனிலிருந்து அனுப்பினால் பிரிண்டர் கரகரவென்று துப்பும், அவர் கட்டிலில் உட்கார்ந்தபடியே இடது கையால் உருவிக்கொள்வார். அந்தச் சத்தம் கேட்டாலே நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார். நாற்பதுக்கு மேல் சொற்கள் வந்துவிட்டன.

அப்போதுதான் ஒருநாள், ராத்திரி கரண்ட் போய் வந்ததற்கு மறுநாள் காலையில், பிரிண்டர் கிடைக்கவில்லை என்று போன் சொன்னது.

கண்ணெதிரே இருக்கிறது. நீல விளக்கு எரிகிறது. ஆனால் கிடைக்கவில்லையாம். மகளைக் கூப்பிட்டேன்.

"ருக்கோம்மா, கொஞ்சம் இரு, டென்ஷன் ஆகாத" என்றாள். "பிரிண்டர பந்த் பண்ணி சாலூ பண்ணு."

அணைத்துப் போட்டேன். கிடைக்கவில்லை. இணைய டப்பாவை அணைத்துப் போட்டேன். எங்கள் வீட்டில் அந்த டப்பா ஏணி வைத்து ஏறும் மேல்தட்டில், மாளாவில், தகரத்தோடு ஒட்டி இருக்கிறது. ஏறி இறங்கியதில் முட்டி கழன்றதுதான் மிச்சம். போனை அணைத்துப் போட்டேன். கடைசியில் மூன்றையும் சேர்த்து அணைத்துவிட்டு, டப்பா முதலில், பிரிண்டர் அடுத்து, போன் கடைசியில் என்று அவள் சொன்ன வரிசையில் போட்டேன். பிரிண்டர் தன் சின்னத் திரையில் இணைந்துவிட்டேன் என்றது. போனும் இணைந்துவிட்டேன் என்றது. இரண்டிலும் ஒரே பெயர்தான், எங்கள் லைனுக்குக் கேபிள்காரர் போட்டுக் கொடுத்த பெயர். ஒரே வீட்டில் ஒரே இணைப்பில் இருந்துகொண்டு ஒன்றை ஒன்று தெரியாது என்றால் என்ன செய்வது?

இரண்டாம் நாள் பிரிண்டரைப் போனிலிருந்து அழித்துவிட்டுப் புதிதாகச் சேர்க்கப் பார்த்தேன். பொத்தானை விளக்கு மின்னும்வரை அழுத்திப் பிடிக்கச் சொன்னாள், பிடித்தேன். பாஸ்வேர்டு கேட்டது, கொடுத்தேன், ஏற்றுக்கொண்டது. இணைந்தது. கிடைக்கவில்லை. கம்ப்யூட்டர் இருந்தால் கேபிள் மாட்டி அடித்துவிடலாம் என்றாள். கம்ப்யூட்டருக்கு நான் எங்கே போவேன், எங்களிடம் இருப்பது போன்தான்.

இவர் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு கட்டத்தில் இடது கை முட்டியால் தலைமாட்டுச் சுவரை இரண்டு தட்டு தட்டி, "அது" என்றார். பக்கத்து வீட்டு டிவி சத்தத்தைச் சொல்கிறார் என்று நினைத்தேன். அந்த வீட்டுக்காரியோடு எனக்குப் பேச்சு வார்த்தை இல்லாமல் இரண்டு வருஷம் ஆகிறது. காலைத் தண்ணீர் வரும் நேரத்தில் அவள் மோட்டார் போட்டு எங்கள் தண்ணீரையும் சேர்த்து இழுக்கிறாள் என்று நான் முக்கில் வைத்துக் கேட்டுவிட்டேன். அவளும் என்னைச் சும்மா விடவில்லை. அவர் மறுபடி தட்டினார். "சத்தத்தக் கொறச்சா என்ன, இங்க சொகமில்லாத ஆளு இருக்காவல்லா" என்று சுவரைப் பார்த்து நான் உரக்கவே சொன்னேன். அந்தப் பக்கம் டிவி உடனே அணைந்தது. அவர் கையை மடியில் போட்டுக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மூன்றாம் நாள் மானத்தை மடித்து வைத்துவிட்டு ஜெராக்ஸ் கடைக்கே போனேன். கலர் மெஷின் பழுது, கறுப்பு வெள்ளைதான் என்றான். அடித்துக்கொண்டு வந்தேன். கறுப்பு வெள்ளையில் எங்கள் குக்கரும் பக்கெட்டும் ஒன்றுபோலவே இருந்தன. அவர் தாளை இப்படியும் அப்படியும் பிடித்துப் பார்த்துவிட்டுக் கீழே போட்டார். பழைய தாள்களைக் கொடுத்தேன். பார்த்ததையே எத்தனை நாள் பார்ப்பார், தள்ளிவிட்டார்.

நான்காம் நாள் தலை வாரும்போது சீப்பைக் காட்டி இது என்ன என்று கேட்டேன். போன வாரம் பத்துத் தடவை சொன்ன சொல். வாயைத் திறந்தார், தேடினார், "அது" என்றார். சாவியைக் காட்டினேன். "அது." நான் சீப்பை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், அது ஊரறிந்த விஷயம். அன்று வந்தது கோபம் இல்லை, பயம். வந்த சொற்கள் ஒவ்வொன்றாகத் திரும்பிப் போகின்றன, நான் ஒரு பிளாஸ்டிக் பெட்டியிடம் தோற்றுக்கொண்டிருக்கிறேன் என்று இருந்தது.

ஐந்தாம் நாள் ரவிக்கை தைக்கக் கொடுத்தவர்களை எல்லாம் அடுத்த வாரம் வரச் சொல்லிவிட்டேன். மகளைக் கூப்பிட்டு, "இன்னைக்கு இது சாலூ ஆவாம நான் எந்திரிக்க மாட்டேன், நீ ஆபீசுக்கு என்ன வேணா சொல்லிக்கோ" என்றேன். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு அறைக்குள் போய் உட்கார்ந்துகொண்டு கூப்பிட்டாள்.

பிரிண்டரில் இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அழுத்தினால் அது தன் ஜாதகத்தைத் தானே ஒரு தாளில் அடிக்கும், அதில் புள்ளி வைத்து நாலு எண்கள் வரும், அதைப் படி என்றாள். அடித்தது. ஐந்து நாளுக்குப் பிறகு அந்தக் கரகர சத்தம் கேட்டதும் இவர் சட்டென்று நிமிர்ந்து கையை நீட்டினார். "இது உங்களுக்கு இல்லங்க" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தாளை அவரிடமே கொடுத்து, அவர் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணைப் படித்தேன். பிறகு போனிலும் அதேபோல ஓர் எண்ணைத் தேடிப் படிக்கச் சொன்னாள்.

"முதல் மூணு நம்பரும் ரெண்டுலயும் ஒண்ணா இருக்கணும்மா. கடைசிதான் மாறணும். ஒரே தெரு, வேற வேற டோர் நம்பர், அந்த மாதிரி."

முதல் இரண்டும் ஒன்றாக இருந்தன. மூன்றாவது போனில் ஒன்று, பிரிண்டரில் பூஜ்ஜியம். நான் தப்பாகப் படிக்கிறேன் என்று அவள் மூன்று தடவை படிக்கச் சொன்னாள்.

"அப்ப பிரிண்டர் நம்ம டப்பாவுல இல்லம்மா. வேற யாரு டப்பாவுலயோ இருக்கு."

போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். அவள் சொல்லி முடிக்கவில்லை, இவர் தாளைக் கீழே வைத்துவிட்டுச் சுவரைத் தட்டினார். இரண்டு தட்டு. பிறகு விரலைப் பிரிண்டரிடம் கொண்டுபோய், அங்கிருந்து சுவருக்குக் கொண்டுபோனார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். இரண்டாம் நாளே சொல்லியிருக்கிறார் மனுஷர். இருபத்தைந்து வருஷம் மெக்கானிக்காக இருந்தவருக்குத் தெரியாதா? நான்தான் சுவரோடு சண்டை போட்டிருக்கிறேன்.

அப்போதுதான் எனக்கு இன்னொன்று ஞாபகம் வந்தது. கொஞ்ச நாள் முன்பு கேபிள்காரர் எங்கள் தகரத்தின்மேல் ஏறி நின்று பக்கத்து வீட்டுக்குப் புது வயர் இழுத்தார். வேறு யார் வீட்டுக்கு என்றாலும் என்ன ஏது என்று நான் நூறு கேள்வி கேட்டிருப்பேன். அவள் வீட்டுக்கு என்பதால் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

கேபிள்காரரைப் போனில் பிடித்தேன். அம்பர்நாத்தில் ஏதோ வேலையாக இருந்தார். விஷயத்தைச் சொன்னதும் கொஞ்சமும் கூசாமல் சொன்னார்: "ஆமாக்கா, இந்தச் சந்து முழுக்க எல்லா டப்பாவுக்கும் நான் ஒரே பேரு, ஒரே பாஸ்வேர்டுதான் போட்டிருக்கேன். வீட்டுக்கு ஒண்ணு வெச்சா எவன் ஞாபகம் வெப்பான்? ரிப்பேர்னு கூப்பிட்டா நான்தான வரணும்."

அதாவது அன்றைக்கு ராத்திரி கரண்ட் போய் வந்தபோது எங்கள் பிரிண்டர் கண்ணை விழித்துப் பார்த்திருக்கிறது. மாளாவில் தகரத்துக்குப் பின்னால் எங்கள் டப்பா, சுவருக்கு அந்தப்புறம் ஒரு முழம் தூரத்தில் அவளுடைய டப்பா. பெயரும் ஒன்று, பாஸ்வேர்டும் ஒன்று. கிட்டத்தில் இருப்பதோடு போய் ஒட்டிக்கொண்டுவிட்டது. அதன்மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

"பக்கத்து வீட்டு டப்பாவ கொஞ்ச நேரம் பந்த் பண்ணச் சொல்லுங்கக்கா" என்றார் கேபிள்காரர். "பிரிண்டர் தானா உங்ககிட்ட வந்துரும். அந்தக் கேப்ல உங்க டப்பா பேர மாத்திருங்க. உள்ள போற பாஸ்வேர்ட மெசேஜ்ல அனுப்புதேன். நான் வரணும்னா நாளன்னைக்கு ஆவும்."

நாளை மறுநாள் வரை பொறுக்க முடியாது என்பது எனக்கு நிச்சயம். அதைவிட நிச்சயம், அவள் வீட்டுக் கதவை நான் தட்ட மாட்டேன் என்று இரண்டு வருஷம் முன்பு நான் போட்ட சபதம். கட்டிலில் இவர் அந்த எண் தாளை மடியில் வைத்துக்கொண்டு, சொந்தத் தாள் எப்போது வரும் என்பதுபோலப் பிரிண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். செருப்பைக்கூடப் போடாமல் வெளியே வந்தேன். நாலு எட்டு வைத்தால் அவள் வாசல். தட்டினேன்.

அவள் கதவைத் திறந்தாள். மறுபடி டிவி சத்தத்துக்குச் சண்டைக்கு வந்திருக்கிறேன் என்று நினைத்திருக்க வேண்டும். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தயாராக நின்றாள். நான் சுற்றி வளைக்கவில்லை.

"உன் இண்டர்நெட் டப்பாவ ரெண்டு நிமிசம் பந்த் பண்ணணும். எங்க பிரிண்டர் அதுல வந்து மாட்டிக்கிட்டு. அவியளுக்குப் படம் அடிச்சு அஞ்சு நாளாச்சு. வந்த பேச்செல்லாம் போவுது."

"அண்ணாச்சிக்கா?" என்றாள். அவ்வளவுதான். உள்ளே திரும்பிப் போய் ஸ்விட்சை அணைத்துவிட்டு, ஒயரையும் பிளக்கிலிருந்து உருவிவிட்டு வந்தாள். "ரெண்டு நிமிசம் எதுக்கு மதினி, சாயங்காலம் வரைக்கும் கெடக்கட்டும்."

தலையை ஆட்டிவிட்டு வந்தேன். அவளும் என் பின்னாலேயே வந்து எங்கள் வாசற்படியில் நின்றாள். தண்ணீர் விஷயத்தை இருவரும் எடுக்கவில்லை.

பிரிண்டரின் நீல விளக்கு மின்னிக்கொண்டிருந்தது. மின்னியது, மின்னியது, பிறகு நின்று எரிந்தது. போனை எடுத்து ஒரு படத்தை அனுப்பினேன். சீப்புதான். ஒரு கணம் ஒன்றும் இல்லை. பிறகு உள்ளே ஏதோ உருண்டது, கரகரவென்று தாள் வந்தது. கலரில், பச்சைச் சீப்பு. அவர் உருவி எடுத்தார். எழுத்தின்மேல் விரலை ஓட்டினார். இரண்டாவது தடவை ஓட்டும்போது "சீப்பு" என்றார். நான் அழுதேன், மறைக்கவில்லை.

ஆனால் வேலை முடியவில்லை. பக்கத்து வீட்டு டப்பாவை மறுபடி போட்டால் பிரிண்டர் திரும்ப ஓடிவிடும். எங்கள் டப்பாவின் பெயரை மாற்றி, பிரிண்டரை அந்தப் புதுப் பெயரில் சேர்த்தாக வேண்டும். கேபிள்காரர் அனுப்பியதை வைத்து மகள் சொல்லச் சொல்ல டப்பாவின் உள்பக்கத்துக்குள் போனேன். எங்கே எதைத் தொட்டால் வெடித்துவிடுமோ என்று இருந்தது. ஒருவழியாகப் பெயர் இருக்கும் கட்டம் வந்தது.

"பழைய பேர அழிச்சிட்டு புதுசா ஒண்ணு போடும்மா."

"என்ன போட?"

"குச் பீ போடு, எதுன்னாலும் சரி. யாருக்கும் இல்லாத பேரா இருந்தா போதும்."

பேச்சுப் பயிற்சிப் பெண் எனக்கு ஒன்று சொல்லியிருந்தாள். சந்தர்ப்பம் கிடைக்கும்போதெல்லாம் அவரிடம் கேள்வி கேளுங்கள், பதிலை நீங்களே எடுத்துக் கொடுக்காதீர்கள், மனதுக்குள் அறுபது வரை எண்ணிக்கொண்டு காத்திருங்கள் என்று. நான் திரும்பி அவரிடம் கேட்டேன்.

"டப்பாவுக்கு ஒரு பேரு வைக்கணுமாம். என்ன வைக்க?"

"அது" என்றுதான் சொல்வார், சொன்னால் அதையே வைத்துவிடலாம் என்றுகூட நினைத்தேன். எண்ணத் தொடங்கினேன். அவர் பிரிண்டரைப் பார்த்தார், கையிலிருந்த சீப்புத் தாளைப் பார்த்தார். நாற்பதைத் தாண்டினேன். வாசலில் அவள் அசையவில்லை. அவர் என்னைப் பார்த்தார். உதடு இரண்டு தடவை கூடிப் பிரிந்தது. பிறகு என் பெயரைச் சொன்னார்.

என் பெயர் மூன்று எழுத்து. இடறாமல் மூன்றையும் சொன்னார்.

கல்யாணமாகி முப்பத்தொரு வருஷம். "இந்தா" என்பார், "ஏ பிள்ள" என்பார், மகள் பிறந்த பிறகு அவள் பேரைச் சொல்லி இன்னாரம்மா என்பார். ரேஷன் கார்டுக்கு எழுதிக் கொடுக்க வேண்டி வந்தபோதுகூடப் பேனாவை என் கையில் தந்து நீயே எழுதிக்கோ என்றவர். எங்கள் பக்கத்தில் அப்படித்தான், அதை நான் குறையாக நினைத்ததும் இல்லை. அதனால்தானோ என்னவோ, நூற்றுக்கு மேல் படம் எடுத்திருக்கிறேன், எதிர்வீட்டுப் பூனையைக்கூட எடுத்திருக்கிறேன், என்னை ஒரு படம் எடுக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அந்தச் சொல்லை நான் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

"அப்பாவாம்மா சொன்னாங்க?" என்று போனில் மகள் கேட்டாள்.

நான் கட்டத்தில் என் பெயரை ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினேன். கண் மறைத்ததில் ஒரு எழுத்தை இரண்டு தடவை தட்டி, அழித்துவிட்டு, மறுபடி தட்டினேன்.